பெட்டியின் மேல் எழுதியிருந்த ஊர்

லண்டனில் எம்.ஏ. படித்த காலத்தில் வார இறுதிகளில் ஒரு சூப்பர்மார்க்கெட்டின் காய்கனிப் பிரிவில் வேலை பார்த்தேன். விடிவதற்கு முன்பே லாரி வந்துவிடும். பெட்டிகளை இறக்கி, பிரித்து, கடை திறப்பதற்குள் அடுக்கி முடிக்க வேண்டும். என்னோடு அந்தப் பிரிவில் இருந்தவர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி. கரீபியன் கடலில் உள்ள செயின்ட் லூசியா தீவைச் சேர்ந்தவர். எல்லோரும் அவரை ஆன்ட்டி என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை 'டூடூ' என்பார். பிரெஞ்சு கலந்த அவர்களுடைய கிரியோல் பேச்சில் கண்ணு, செல்லம் என்பது மாதிரி.

வாழைப்பழப் பெட்டி வந்தால் மட்டும் ஆன்ட்டி ஒரு காரியம் செய்வார். பெட்டியைத் திருப்பிப் பக்கவாட்டில் எந்த நாட்டின் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பார்ப்பார். ஈக்வடார், கொலம்பியா, கோஸ்டாரிகா. ஒன்றும் பேசாமல் பிரிப்பார். எப்போதாவது 'விண்ட்வர்ட் தீவுகள்' என்று இருக்கும். செயின்ட் லூசியா, டொமினிக்கா, செயின்ட் வின்சென்ட், கிரெனடா ஆகிய தீவுகளுக்கு வாழை வியாபாரத்தில் அந்த ஒரே பெயர்தான். அன்றைக்கு அந்தப் பெட்டியில் என்னைக் கைவைக்க விடமாட்டார். ஒவ்வொரு சீப்பாக அவரே எடுத்து அடுக்குவார்.

வார நாட்களில் நான் படித்தது பின்காலனிய இலக்கியம், அதாவது காலனிகளாக இருந்த நாடுகளின் இலக்கியம். 2009-ல் சேர்ந்தேன். கலப்பு அடையாளம், விளிம்பு, புலம்பெயர்வு என்று கனமான சொற்கள் நிறைந்த வகுப்பு. கரீபியன் என்றதும் எங்களுக்குக் கொடுத்தது டெரக் வால்காட்டின் கவிதைகள். செயின்ட் லூசியாக்காரர், 1992-ல் நோபல் பரிசு பெற்றவர். அந்தச் சனிக்கிழமை ஆன்ட்டியிடம் ஆசையாகச் சொன்னேன்: "உங்க ஊர் கவிஞரைப் படிக்கிறோம்."

"டெரக்கையா? அவங்க அம்மா காஸ்ட்ரீஸ்ல டீச்சரா இருந்தவங்க" என்றார். சிரித்துவிட்டு அடுத்து ஒன்று கேட்டார்: "அப்ப ஆர்தர் லூயிஸையும் படிக்கிறீங்கதானே?"

நான் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை.

ஆன்ட்டி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். லூயிஸ் 1979-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பெற்றவர். அவரும் அதே காஸ்ட்ரீஸில், தீவின் தலைநகரில், பிறந்தவர். பிறந்த நாள்கூட ஒன்றுதான், ஜனவரி 23. லூயிஸ் 1915-ல், வால்காட் 1930-ல். இரண்டு லட்சம் பேர்கூட இல்லாத தீவில் இரண்டு நோபல். ஊர் நடுவே இருக்கும் சதுக்கத்தில் இருவருக்கும் சிலை இருக்கிறது, ஜனவரியில் இருவரையும் சேர்த்தே கொண்டாடுகிறார்கள். அந்தச் சதுக்கத்துக்கு முன்பு கொலம்பஸின் பெயர். 1993-ல் அதை வால்காட்டின் பெயருக்கு மாற்றினார்கள்.

அந்த ஊரில் ஒன்றாகவே நினைக்கும் இரண்டு பேரை எங்கள் பல்கலைக்கழகம் இரண்டு கட்டடங்களில் வைத்திருந்தது. ஒருவர் இலக்கியத் துறைக்கு, மற்றவர் பொருளாதாரத் துறைக்கு. எனக்குப் பாதி செயின்ட் லூசியாவைத்தான் கொடுத்திருந்தார்கள். மீதிப் பாதியை நான் தேடிப் போகக் காரணம் அந்தக் கடையின் பின்கட்டில் ஆன்ட்டி கேட்ட அந்தக் கேள்வி.

லூயிஸ் பொறியாளராக ஆசைப்பட்டவர். அந்தக் காலத்தில் ஒரு கறுப்பின இளைஞனைப் பொறியாளராக யாரும் வேலைக்கு வைக்கமாட்டார்கள் என்று தெரிந்து பொருளாதாரம் படிக்கப் போனார். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் படித்தார், 1938-ல் அங்கேயே விரிவுரையாளர் ஆனார். 1954-ல் அவர் எழுதிய கட்டுரையில் ஓரிடம் வரும். கரும்பு விளைச்சலிலும் சர்க்கரை உற்பத்தியிலும் உழைப்பின் திறன் எவ்வளவோ உயர்ந்திருக்கிறது. கோதுமை விளைவிக்கும் நாடுகளின் உழைப்பாளிகள் உலகிலேயே நல்ல வாழ்க்கை வாழ்கிறவர்களில் சேர்ந்தவர்கள். கரும்புத் தொழிலாளியோ செருப்பில்லாமல், குடிசையில் இருக்கிறான். ஏன் என்பதுதான் அவருடைய கேள்வி.

அவர் சொன்ன பதிலை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். வெப்பநாட்டு விளைபொருளின் விலையைத் தீர்மானிப்பது அதை விளைவிக்கப் பட்ட பாடு இல்லை. அந்த விவசாயிக்கு வேறு என்ன வழி இருக்கிறது என்பதுதான். சொந்த நிலத்தில் கிழங்கும் வாழையும் போட்டுச் சாப்பிட்டால் அவனுக்கு எவ்வளவு கிடைக்குமோ, அதற்குச் சற்று மேலே கொடுத்தால் போதும், ஏற்றுமதிக்கு உழைக்க வந்துவிடுவான். அவன் இரண்டு மடங்கு விளைவித்தாலும் அந்த லாபம் விலைக்குறைவாக மாறி வாங்குகிறவர் கைக்கே போய்விடும். இதைப் படித்தபோது ஆன்ட்டி சொன்ன அவருடைய அம்மாவின் கதை எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

அந்தத் தீவில் ஒரு காலத்தில் கரும்புதான். 1950களில் கீஸ்ட் என்ற நிறுவனம் விண்ட்வர்ட் தீவுகளின் வாழையை வாங்கி பிரிட்டனுக்கு ஏற்றத் தொடங்கியது. கரும்பு விளைந்த பள்ளத்தாக்குகள் அடுத்த சில ஆண்டுகளில் வாழைக்கு மாறின. கரும்புத் தோட்டம் ஒரு முதலாளியின் சொத்து. வாழையை ஓரிரண்டு ஏக்கர் வைத்திருப்பவரும் மலைச்சரிவில் போடலாம். கப்பல் வாராவாரம் வரும், வாராவாரம் கையில் காசு வரும். அந்தத் தீவுகளின் வரலாற்றில் ஏழைகள் கைக்கு நேரடியாகப் பணம் வந்த முதல் பயிர் அதுதான் என்று தோன்றுகிறது. 'பச்சைத் தங்கம்' என்று சொன்னார்கள்.

ஆன்ட்டியின் அம்மா அதிகாலையில் தார் வெட்டி, தலைச்சுமையாகச் சாலைக்குக் கொண்டுவருவாராம். காயில் கீறல் விழக்கூடாது என்று வாழைச் சருகைச் சுற்றி, குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்குவாராம். பிரித்துப் பார்ப்பவர் ஒரு கறுப்புப் புள்ளி கண்டாலும் ஒதுக்கிவிடுவார். ஒதுக்கியது வீட்டுக்கு, நல்லது இங்கிலாந்துக்கு. "நாங்க நாலு பேரும் படிச்சது அந்தக் காசுலதான். பழுத்த நல்ல பழத்தை நான் முதல்ல சாப்பிட்டது லண்டன் வந்த பிறகுதான்" என்றார்.

இந்த வியாபாரம் நின்றது ஒரு சலுகையின் மேல். முன்னாள் காலனிகளின் வாழைக்கு ஐரோப்பாவில் தனி இடம் உண்டு என்று 1975-ன் லோமே ஒப்பந்தம் உறுதி சொல்லியிருந்தது. லத்தீன் அமெரிக்காவில் சமவெளியில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நடக்கும் தோட்டங்களோடு மலைச்சரிவில் இருக்கும் இரண்டு ஏக்கர் விலையில் போட்டி போட முடியாது. அதனால்தான் அந்த உறுதி. 1996-ல் அமெரிக்கா, ஈக்வடார், குவாத்தமாலா, ஹோண்டுராஸ், மெக்சிகோ ஆகிய நாடுகள் உலக வர்த்தக நிறுவனத்தில் இதை எதிர்த்து வழக்குக்குப் போயின. அமெரிக்கா ஏற்றுமதிக்கு வாழை விளைவிக்கும் நாடு இல்லை. அங்கே தலைமையகம் வைத்திருந்த சிக்கீட்டா என்ற வாழை நிறுவனம் தன் அரசிடம் முறையிட்டிருந்தது, அரசு அதைக் கையில் எடுத்தது. ஐரோப்பியச் சந்தையில் கரீபியன் வாழையின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை. அதையும் விட்டுவைக்கவில்லை.

இந்த வழக்கில் நடந்த ஒன்றைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. செயின்ட் லூசியா வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. மூன்றாம் தரப்பாக உட்கார்ந்து கேட்கலாம், அவ்வளவுதான். வர்த்தகச் சட்டம் தெரிந்தவர்களைச் சொந்தமாக வைத்துக்கொள்ள அந்தச் சின்ன அரசால் முடியாது, எனவே வெளி வழக்கறிஞர்களை அமர்த்தி ஜெனீவாவுக்கு அழைத்துப் போனது. அவர்கள் அரசு ஊழியர்கள் இல்லை என்று எதிர்ப்பு வந்தது, விசாரணை அறையில் அவர்களை இருக்க விடவில்லை. ஒரு தீவின் முக்கியமான பிழைப்பைப் பற்றி உள்ளே பேச்சு, அந்தத் தீவின் வழக்கறிஞர்கள் வெளியே. 1997-ல் உலக வர்த்தக நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பு வெளி வழக்கறிஞர்களை அனுமதித்தது. ஐரோப்பாவின் வாழைச் சலுகை விதிகளுக்கு எதிரானது என்ற தீர்ப்பு மட்டும் மாறவில்லை. ஐரோப்பா தீர்ப்பின்படி நடக்கவில்லை என்று 1999-ல் அமெரிக்கா 19 கோடி டாலர் மதிப்புள்ள ஐரோப்பியப் பொருள்களின் மேல் 100 சதவீத வரி போட்டது. கைப்பை, படுக்கை விரிப்பு, காபி இயந்திரம் என்று வாழைக்குச் சம்பந்தமே இல்லாத பொருள்கள். 2009 டிசம்பரில் ஜெனீவாவில் உடன்பாடு ஆகி, சண்டை முடிவுக்கு வந்தது. அதற்குள் விண்ட்வர்ட் தீவுகளில் விவசாயிகளில் பெரும்பாலானோர் வாழையை விட்டுவிட்டார்கள். அதற்கும் முன்பே, விலை விழத் தொடங்கிய 1993-ல், செயின்ட் லூசியாவில் வேலைநிறுத்தம் செய்த விவசாயிகள் மேல் போலீஸ் சுட்டு இரண்டு பேர் இறந்திருந்தார்கள்.

உலகமயமாக்கல் என்றால் 1990களில் வந்தது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கரீபியனில் அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு தொடக்க வருடமே கிடையாது. அங்கே ஒரு தீவில் இன்றிருக்கும் மனிதர், பயிர், சமையல், பாட்டு எதை எடுத்தாலும் கப்பலில் வந்தது. பூர்வகுடி மக்களில் பெரும்பாலோர் அழிக்கப்பட்டார்கள், மற்றவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். டிரினிடாடைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் சி.எல்.ஆர். ஜேம்ஸ் இதை அழகாகச் சொல்லியிருக்கிறார்: தோட்டத்து அடிமைகள் தொடக்கத்திலிருந்தே நவீன வாழ்க்கை வாழ்ந்தவர்கள். உடுத்திய துணியும் சாப்பிட்ட உணவும் வேறு கண்டத்திலிருந்து வந்தவை, விளைவித்த சர்க்கரை வேறு கண்டத்துக்குப் போனது. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஒரு பள்ளியில் ஜேம்ஸிடம் படித்த மாணவர்தான் எரிக் வில்லியம்ஸ். அடிமை வியாபாரத்தின் லாபம் பிரிட்டனின் தொழிற்புரட்சிக்கு எப்படி முதலானது என்று 1944-ல் புத்தகம் எழுதினார், பிறகு டிரினிடாட் நாட்டின் முதல் பிரதமரும் ஆனார். அங்கே கவிதை, வரலாறு, கணக்கு மூன்றையும் பிரித்துவைக்கவில்லை. பிரித்துவைத்தால் அந்த ஊரைப் புரிந்துகொள்ள முடியாது.

ஜேம்ஸ் சொன்னதை நான் ஒரு சாப்பாட்டு மேசையில் பார்த்தேன்.

2010 அக்டோபர் 31, ஞாயிற்றுக்கிழமை. அக்டோபரின் கடைசி ஞாயிறு செயின்ட் லூசியாவில் கிரியோல் நாள். ஆன்ட்டி என்னை வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தார். முந்தின நாள்தான் டோமாஸ் புயல் தீவை அடித்திருந்தது. நான் போனபோது தொலைக்காட்சியில் மண்சரிவுப் படங்கள். மபூயா பள்ளத்தாக்கில் இருக்கும் தம்பிக்குக் காலையிலிருந்து போன் போட்டுக்கொண்டே இருந்தார், லைன் கிடைக்கவில்லை. "சமைக்காம இருந்தா கை நடுங்குது" என்று சமைத்துக்கொண்டிருந்தார்.

வாழைக்காயும் உப்புக்கண்டம் போட்ட காட் மீனும், அதுதான் அவர்களின் தேசிய உணவு. வாழைக்காயை அவர்கள் 'ஃபிக்' என்கிறார்கள். வாயில் வைத்ததும் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது, கருவாட்டுக் குழம்பில் எங்கள் அம்மாவும் வாழைக்காய் போடுவார். அந்தக் காட் மீன் கரீபியன் கடலில் கிடைக்காது, வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீரில் கிடைப்பது. நியூஃபவுண்ட்லாந்தில் பதப்படுத்தியதில் ஐரோப்பாவில் விலைபோகாத மட்டரகத்துக்கு 'வெஸ்ட் இந்தியா' என்றே பெயர். தோட்டத்து அடிமைகளுக்கென்று அதைத்தான் அனுப்பினார்கள். சுற்றிலும் கடல் இருக்கும் தீவுக்கு மீன் இறக்குமதி. காரணம், அடிமைகளைக் கரும்பு வேலையிலிருந்து மீன் பிடிக்க அனுப்ப முதலாளிகளுக்கு மனமில்லை. அந்த மட்டமான மீனைத்தான் அந்தப் பெண்கள் வெங்காயமும் மிளகாயும் போட்டு ஒரு நாட்டின் பெருமையாக ஆக்கியிருக்கிறார்கள்.

மேசை ஓரத்தில் ஒரு துணி மடித்து வைத்திருந்தது. கிரியோல் நாளில் பெண்கள் தலையில் கட்டுவது. சிவப்பு, மஞ்சள், பச்சைக் கட்டம். அன்று அவர் கட்டிக்கொள்ளவில்லை.

"இதுக்குப் பேர் மெட்ராஸ். நீ அந்த ஊர்தானே? அங்க எப்பக் கட்டுவாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா உடனே சொன்னார்: "இது உங்க தாத்தா கட்டின கைலி மாதிரில்ல இருக்கு!"

சென்னையையும் பழவேற்காட்டையும் சுற்றியுள்ள ஊர்களில் நெய்த கட்டத் துணி, ஐரோப்பியக் கம்பெனிகளின் கப்பலில் உலகம் சுற்றியது. கரீபியன் தீவுகளில் பெண்களின் தலைக்கட்டாகி, இன்று செயின்ட் லூசியா, டொமினிக்கா, மார்த்தினிக், குவாதலூப் நான்கிலும் பாரம்பரிய உடையில் இருக்கிறது. இது வரைக்கும் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணி ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்கக் கொடுத்த சரக்குகளிலும் ஒன்று. நெய்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. எங்கள் தாத்தாவின் கைலிக்கும் ஆன்ட்டியின் தலைத்துணிக்கும் நடுவே அந்தக் கரை இருக்கிறது. பிறகு 1850களிலிருந்து புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக நம் மக்களே மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கரும்பு வெட்ட ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். விடுதலை பெற்ற அடிமைகளின் இடத்தில்.

அன்று மாலை தம்பியின் குரல் கிடைத்தது. உயிருக்கு ஆபத்தில்லை. வாழை ஒன்றுகூட நிற்கவில்லை. மறுபடி கன்று வைக்கப்போவதில்லை என்றார். ஹோட்டல் கட்டுமான வேலைக்குப் போய்விட்டதாகப் பிறகு ஆன்ட்டி சொன்னார். கரும்பு போய் வாழை வந்தது, வாழை போய்ச் சுற்றுலா வந்தது. மூன்றிலும் விலை சொல்கிறவர் தீவுக்கு வெளியேதான் இருக்கிறார்.

படிப்பு முடிந்து 2015 இறுதி வரை லண்டனில் முழுநேர வேலை பார்த்தேன், வரி கட்டினேன். சென்னை திரும்பிய பிறகு, 2018 பிப்ரவரியில் பிரிட்டிஷ் நிதி அமைச்சகம் ட்விட்டரில் ஒரு தகவல் போட்டது. 1833-ல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் வந்தபோது அரசு 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது. அப்போதைய ஆண்டுச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம். கொடுத்தது அடிமைகளுக்கு அல்ல, 'சொத்தை' இழந்த முதலாளிகளுக்கு. அடிமைகளாக இருந்தவர்கள் அதன் பிறகும் 1838 வரை 'பயிற்சி' என்ற பெயரில் அதே தோட்டங்களில் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. இழப்பீட்டுக்கு வாங்கிய கடன், ஒரு கடன்பத்திரத்திலிருந்து இன்னொரு கடன்பத்திரமாக மாறி ஓடி, 2015-ல்தான் தீர்ந்ததாம். மக்கள் தங்கள் வரியால் அடிமை வியாபாரத்தை ஒழிக்க உதவினார்கள் என்று அதைப் பெருமையாகச் சொல்லியிருந்தார்கள். எதிர்ப்பு வந்ததும் நீக்கிவிட்டார்கள்.

பிரெஞ்சுக் காலனியாக இருந்த கரீபியன் நாடான ஹெயிட்டியில் இது இன்னும் கொடுமையாக நடந்தது. அங்கே அடிமைகள் தாங்களே போராடி 1804-ல் விடுதலை பெற்றார்கள். 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டது. 1838-ல் 9 கோடியாகக் குறைத்தது. முதல் தவணையைக் கட்டவே பாரிஸ் வங்கியில் கடன் வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கடன்கள் தீர 1947 ஆயிற்று. தங்களையே விலை கொடுத்து வாங்கிக்கொண்ட ஒரு தேசம். 1990களில் அதே நாட்டில் அரிசி இறக்குமதி வரியை 3 சதவீதமாகக் குறைக்க வைத்தார்கள், மானியத்தோடு விளைந்த அமெரிக்க அரிசி வந்து உள்ளூர் நெல் விவசாயத்தை நொறுக்கியது. 2010-ல் பில் கிளிண்டன் அது தவறு என்று அமெரிக்க செனட் குழு முன்பு ஒப்புக்கொண்டார். ஹெயிட்டி ஏன் ஏழை நாடு என்று யாராவது கேட்டால், நான் முதலில் இந்த வருடங்களைத்தான் சொல்கிறேன்.

நிதி அமைச்சகத்தின் செய்தியைப் பார்த்ததும் ஆன்ட்டிக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். அவர் ஓய்வு பெற்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"நான் முப்பது வருஷம் வரி கட்டியிருக்கேன், டூடூ."

அந்த இழப்பீட்டுக் கணக்குகள் எல்லாம் இப்போது இணையத்தில் இருக்கின்றன. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ஆய்வாளர்கள் தொகுத்துப் போட்டிருக்கிறார்கள். அவருடைய அம்மாவின் ஊருக்குப் பக்கத்தில் இருந்த பழைய தோட்டத்தின் பெயரைக் கேட்டுத் தேடினேன். கிடைத்தது. எத்தனை அடிமைகள், எத்தனை பவுண்டு, எத்தனை ஷில்லிங், எத்தனை பென்ஸ். பென்ஸ் வரைக்கும் சரியாக எழுதியிருந்தார்கள். மெதுவாக வாசித்துக் காட்டினேன்.

"பேர் போட்டிருக்கா?"

"முதலாளி பேர் இருக்கு, ஆன்ட்டி."

"அது எனக்கு எதுக்கு?"

அடிமைகளின் பெயர்கள் வேறு பதிவேட்டில் இருக்கின்றன. செயின்ட் லூசியாவில் 1815-ல் தோட்டம் தோட்டமாக எடுத்த கணக்கு, லண்டனில் க்யூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதைச் சொன்னேன். மறுமுனையில் டிராயரைத் திறந்து மூடும் சத்தம், மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறார் என்று புரிந்தது.

"எந்த ரயில்?"

"டிஸ்ட்ரிக்ட் லைன். க்யூ கார்டன்ஸ்ல இறங்கணும்."

"இரு, எழுதிக்கிறேன்" என்றார்.